மெக்கானிக் வந்தால் மட்டும் ஓடும் கம்ப்யூட்டர்

கைசர் ஜஹான் டீச்சரின் கம்ப்யூட்டருக்கு ஆள் பார்த்து நடிக்கத் தெரியும். மெக்கானிக் முன்னால் பரம சாது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, டீச்சர் வகுப்பை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகட்டும், அவ்வளவுதான், அப்படியே நின்றுவிடும். மவுஸை ஆட்டினால் அம்பு நகராது. கீபோர்டைத் தட்டினால் விரல்தான் வலிக்கும். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால், ஒன்றுமே தெரியாத பாப்பா மாதிரி நல்வரவு சொல்லும். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீச்சர் வீடு மீர்சாகிப்பேட்டையில் ஒரு சந்தில், முதல் மாடி. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் உருது பேசும் குடும்பங்களில். வாழ்நாள் பூராவும் சொல்லிக்கொடுத்தது தமிழ். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். "இவங்களா தமிழ் எடுக்கறாங்க?" என்று ஜூன் மாதம் முணுமுணுத்த பெற்றோர்கள், அடுத்த வருஷம் "எம்புள்ளைய உங்க செக்‌ஷன்லயே போடுங்க மிஸ்" என்று வந்து நிற்பார்கள். வீட்டில் கணவர் ஷரஃபுதீன் பாயிடம் உருதுதான் பேசுவார். சண்டை என்றால் மட்டும் தமிழ். சண்டைக்கு அதுதான் தோது என்பது டீச்சரின் கட்சி. பாய்க்கோ எந்த மொழியிலும் பதில் பேசிப் பழக்கமில்லை.

கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத டீச்சர், மடித்த துணியையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மெல்போர்னிலிருந்து பழைய மாணவி சீதா ஃபோன் பண்ணினாள். "மிஸ், இங்க எங்க கொழந்தேளுக்கெல்லாம் தமிழ் சொல்லித்தரேளா? கம்ப்யூட்டர்லயே எடுத்துடலாம்." டீச்சர் அன்று ராத்திரி சாப்பிடக்கூட மறந்துவிட்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். சனியும் ஞாயிறும் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சருக்கு மிச்சம் இருந்த வகுப்பு அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவரை டீச்சர் என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

அந்த வகுப்பில்தான் இந்தச் சனியன் பிடித்த பெட்டி விளையாடியது. அதுவும் எங்கே? ழகரத்தில். பிள்ளைகள் எல்லாம் "வாலைப்பலம்" என்றார்கள். சாந்தோமிலிருந்து போன குடும்பத்துப் பெண் ஏஞ்சல், "தமில் மிஸ்" என்றே கூப்பிடுவாள். டீச்சர் கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், வாயைத் திறந்து, நாக்கை மேலே வளைத்து "ழ்ழ்ழ..." என்று காட்டுவார். அந்த நிமிஷம் பார்த்து நின்றுவிடும். ஆஸ்திரேலியா முழுக்க டீச்சர் வாயைப் பிளந்தபடி அசையாமல் நிற்பார். பிள்ளைகள் அதைப் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டிக்கராக்கி ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொண்டார்கள். சீதா கை தவறி அது டீச்சருக்கே வந்து சேர்ந்தது. பார்த்த அன்று டீச்சர் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மெக்கானிக் டில்லிபாபு மேற்கு மாம்பலத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். முதல் தடவை மெமரியைக் கழற்றி, பள்ளிப்பிள்ளை ரப்பரால் தேய்த்து மாட்டினார். அடுத்த தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் பாட்டு, படம் என்று போட்டு ஓடவிட்டுப் பார்த்தார். ஓடிற்று.

"இன்னா டீச்சரம்மா, சும்மா குதிர மாதிரி ஓடிக்கினு கீது. இதுக்கா என்னிய வெயில்ல இஸ்த்தாந்தே?"

"நீங்க போனா நிக்கும் டில்லிபாபு. சத்தியமா நிக்கும்."

"அப்ப நான் இங்கியே குடி வந்துர்றேன்."

டில்லிபாபுவின் கண்ணில் படாமல் போனது ஒன்று உண்டு. ஷரஃபுதீன் பாய்க்கு ஈக்காட்டுத்தாங்கலில் கார் சீட்டுக்குக் கவர் தைக்கிற வேலை. மிச்சம் விழும் ரெக்சின் துண்டைச் சும்மா விட மனசு வராது. ஃப்ரிட்ஜ் கைப்பிடி, மிக்ஸி, டி.வி. ரிமோட், எல்லாமே அந்த வீட்டில் சட்டை போட்டிருக்கும். கம்ப்யூட்டர் வந்த வாரமே, கீழே இருக்கும் பெட்டிக்கு அளவெடுத்து, உள்ளே ஃபோம் வைத்து, மெரூன் நிறத்தில் ஜிப் போட்டு ஒரு கவர் தைத்துவிட்டார். ஒயர் போக ஓட்டை, பட்டனுக்கு ஒரு மூடி, எல்லாம் கச்சிதம். ஆனால் யாராவது வருகிறார்கள் என்றால் டீச்சர் முதல் வேலையாக அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். "வீடா இது, சீட் கவர் கடையா?" என்று நாத்தனார் கேட்டது இன்னும் மனசில் இருந்தது. டில்லிபாபுவும் வெளியாள்தானே? அவர் போனதும் மறக்காமல் மாட்டிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் சீதா கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"மிஸ், தப்பா எடுத்துக்காதீங்கோ. நாளைக்குப் பேரண்ட்ஸ் எல்லாரும் உக்காந்து பாக்கறா. மறுபடியும் நின்னுடுத்துன்னா வேற டீச்சர் பாத்துக்கலாம்னு சொல்லிண்டிருக்கா. என்னால பேச முடியலை மிஸ்."

டீச்சர் ஃபோனை வைத்தார். டிபன் டப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்த பாய் மாட்டிக்கொண்டார். தமிழில்தான்.

"ஏங்க, நில்லுங்க. ஒரு மாசமா இந்தப் பெட்டியோட நான் மாரடிக்கறேன், நீங்க ஒரு துரும்பையாவது எடுத்துப் போட்டீங்களா? அந்த பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்து உக்காந்து என் முதுகு ஒடியுது, தொண்டத் தண்ணி வத்துது. உங்களுக்கு ஊர்ல இருக்கற காருங்கதான் முக்கியம்."

பாய் கம்ப்யூட்டரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டிபன் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். அது டீச்சருக்கு இன்னும் எரிச்சல்.

சனிக்கிழமை கட்டங்களில் பிள்ளைகளோடு அப்பா அம்மாக்களும் தெரிந்தார்கள். டீச்சர் நல்ல புடவை கட்டி, பிஸ்மி சொல்லி ஆரம்பித்தார். ஆத்திசூடி நன்றாகப் போயிற்று. மற்ற எழுத்துகளைத் தாண்டி ழகரத்துக்கு வந்து, நாக்கை வளைத்து, "ழ்ழ..." நின்றுவிட்டது.

"யா அல்லாஹ்! பாவி பெட்டியே!"

மொபைலை எடுத்து டில்லிபாபுவை வீடியோவில் பிடித்தார். "பாருங்க, உங்க கண்ணால பாருங்க! நல்லா ஓடுதுன்னீங்களே, இதுவா ஓடறது?" என்று திரையைக் காட்டினார், மவுஸைக் காட்டினார், குனிந்து கீழே பெட்டியையும் காட்டினார்.

"இரு இரு. அது இன்னாது, கார் சீட்டா?"

"பெட்டிதான். அது கவர்."

"கவரா? நான் வந்தப்போ இல்லியே?"

"நீங்க வந்தா கழட்டி வெச்சுடுவேன்."

டில்லிபாபு மொபைலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பெரிதாக மூச்சு விட்டார். "டீச்சரம்மா, அக்னி நட்சத்திர வெயில்ல உன்னிய கம்பளில சுத்தி, மூக்கையும் அடைச்சிட்டு, பாடம் நடத்துன்னா நடத்துவியா? கழட்டு மொதல்ல!"

டீச்சர் ஜிப்பை இழுத்த வேகத்தில் அது பிய்ந்து கையோடு வந்தது. பெட்டி தோசைக்கல்லாய்ச் சுட்டது. ஒரு மாதமாகத் தன் கையாலேயே மாட்டி மாட்டிக் கெடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி, பொறுத்திருந்து மறுபடி போட்டார். இந்நேரம் எல்லோரும் போயிருப்பார்கள் என்றே நினைத்தார்.

யாரும் போகவில்லை. ஏஞ்சல் கட்டம் பெரிதாகத் தெரிந்தது. கையில் டீச்சரின் படம். வாயைப் பிளந்தபடி, நாக்கு வளைந்தபடி, அதே பாழாய்ப்போன ஸ்டிக்கர், பெரிதாக அச்சடித்தது.

"மிஸ், நீங்க வர்ற வரைக்கும் நான் கிளாஸ் எடுத்துட்டிருக்கேன்," என்றாள். "இதை எங்க வீட்டு பாத்ரூம் கண்ணாடில ஒட்டியிருக்கேன். நீங்க பேசினா நாக்கு ஓடிடும். இதுல ஓடாது. பாத்துப் பாத்துச் சொல்லுவேன். வாழைப்பழம்!"

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். "இன்னொரு தரம் சொல்லு," என்றார். ஏஞ்சல் சொன்னாள். அவள் அப்பாவும் கூடவே சொல்லிப் பார்த்துத் தோற்றார். வகுப்பு முடிகிறவரை பெட்டி நிற்கவே இல்லை. கடைசியில் சீதா, "நாளைக்குப் பாக்கலாம் மிஸ்," என்றாள்.

சாயங்காலம் பாய் வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். பிரித்து மேஜைமேல் வைத்தார். புதுக் கவர். இன்னும் தடிமனாக.

"பழசு மெலிசு. உள்ள தூசி போவுது போல," என்றார். "டபுள் ஃபோம் வெச்சேன். நேத்து ஆரம்பிச்சு இன்னிக்குதான் தைச்சு முடிச்சேன்."

டீச்சர் ஒரு மாதக் கோபத்தையும் சேர்த்துவைத்திருந்தார். அத்தனையும் அந்தக் கவரைப் பார்த்ததும் காணாமல் போயிற்று. ஆனாலும் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொன்னார்.

"அப்ப நானா?"

"நீங்கதான். போட்டுவிட்ட நானும்தான்."

பாய் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல அந்தக் கவரை மடிக்க ஆரம்பித்தார்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" டீச்சர் நாற்காலியை இழுத்து அவர் முன்னால் டங்கென்று போட்டார். "பெட்டிக்கு டபுள் ஃபோம்! நான் உக்காருறது வெறும் பிளாஸ்டிக். இது கண்ணுக்குத் தெரியலையா? இதுக்குப் போடுங்க!"

பாய் அந்த நாற்காலியை முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். குனிந்து, கால்களைத் தட்டி, முதுகுப் பக்கம் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை உருவினார்.

"உக்காரு."

"எதுக்கு?"

"ஆள் உக்காந்தாத்தான் அளவு சரியா வரும்."

டீச்சர் உட்கார்ந்தார்.

"அசையாதே," என்றார் பாய்.

டீச்சர் அசையவில்லை.