ஏழாம் வரிசையின் அழுக்கு

சூரிய மின்நிலையத்தில் தகடு கழுவுகிறவருக்கு ‘ஈரச்சட்டை’ என்று பட்டப்பெயர். குழாயைத் திறந்தால் தகடு நனைவதற்கு முன்னால் மனிதர் நனைந்துவிடுவார். ஆனாலும் அவர் கழுவிய தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கம்பெனியில் புதிதாக ஒரு மென்பொருள் வந்தது. எந்த வரிசையில் மின்சாரம் குறைகிறதோ அதை மட்டும் கழுவச் சொல்லி அவர் செல்போனுக்குச் செய்தி வரும், தண்ணீர் மிச்சமாகும் என்றார்கள். மற்ற வரிசைகள் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டன. ஏழாம் வரிசை மட்டும் தினமும் மதியம் கூப்பிட்டது. பறவைகளுக்கு அதன்மேல் என்ன கோபமோ என்று வீட்டில் மனைவியிடம் அங்கலாய்த்தாலும் அவர் சளைக்காமல் கழுவினார்.

“போன் சொன்னா உடனே நம்பிடுவீங்க. நான் சொன்னாத்தான் ஆராய்ச்சி பண்ணுவீங்க” என்றாள் அவள்.

ஏழு மாதத்தில் தண்ணீர்ச் செலவு குறைவதற்குப் பதில் ஏறியது. கம்பெனியின் சுற்றுச்சூழல் அறிக்கையை எழுதும் பெண் அதிகாரி, தலைமை அலுவலகத்திலிருந்து நேரே வந்து இறங்கினார். தண்ணீர் குறையாவிட்டால் உலர் தூரிகை இயந்திரம் வந்துவிடும், அப்புறம் கழுவ ஆள் தேவைப்படாது என்று நிலைய மேலாளர் ஈரச்சட்டையின் காதில் முன்பே போட்டுவைத்திருந்தார்.

அதிகாரி வந்தபோது அவர் பனியனோடு ஏழாம் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் வேறு வரிசை கழுவி நனைந்த சட்டை வழக்கம்போலத் தகட்டின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. மரியாதைக்காகப் பதறி எழுந்து, சட்டையை உருவி மாட்டிக்கொண்டார். அடுத்த நிமிடமே அதிகாரியின் கையிலிருந்த திரையில் ஏழாம் வரிசை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

அதிகாரி திரையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

“அண்ணே, சட்டையைக் கழட்டி இருந்த இடத்துலயே போடுங்க.”

கூச்சத்தோடு போட்டார். சிவப்பு. எடுத்தார். பச்சை. ஒரு தகட்டை மூடினாலும் வரிசை முழுக்க மின்சாரம் சுணங்கிவிடுமாம், அதிகாரி சொன்னார். மூன்றாம் முறை போடும்போது அவருக்கே எல்லாம் விளங்கிவிட்டது. கழுவினால் சட்டை நனையும், சட்டையைக் காயப்போட்டால் செய்தி வரும், செய்தி வந்தால் மறுபடி கழுவ வேண்டும்.

“அறிக்கையில எழுதிடுங்கம்மா. அழுக்கு என் சட்டைதான்” என்றார்.

அதிகாரி சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலைக்குள் கருவி அறைக்குப் பின்னால் ஒரு துணிக்கொடி கட்டப்பட்டது. ஏழாம் வரிசை வாயை மூடிக்கொண்டது. இயந்திரத்தைப் பற்றிய பேச்சும் நின்றது.

வருடக் கடைசியில் வழவழப்பான அறிக்கை வந்தது. டிஜிட்டல் கண்காணிப்பால் தண்ணீர்ச் செலவு பெருமளவு குறைந்தது என்று போட்டு, பக்கத்தில் அவர் படத்தையும் போட்டிருந்தார்கள். சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

“கொடியைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?”

“நான் இருக்கேன்ல, போதும்” என்றார் ஈரச்சட்டை.