தும்பைக்கு எழுதிய லேபிள்

பக்கத்து ஃபிளாட்டில் வீடு மாறுகிறார்கள். காலையில் அட்டைப்பெட்டிகளோடு வந்த நான்கு பேர் மத்தியானத்துக்குள் கட்டி முடித்துவிட்டார்கள். கதவைத் திறந்தபோது, பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், என்னை வீட்டுக்காரம்மா என்று நினைத்துக் கேட்டார்: “ஏனுங்க, இதைப் போட்டர்லாங்களா?”

“பிரிச்சுப் பாத்துட்டுப் போடுங்க,” என்றேன். குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குப் புரிந்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் எனக்குப் ‘பஞ்சாங்கம்’ என்று பெயர். யார் கல்யாணம் எந்தக் கிழமை, அன்று மழை பெய்ததா என்றெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து தினம் ஒரு வரியாவது டைரி எழுதுகிறேன். அதில் தெரிந்தே எழுதிய பொய் ஒன்றுதான். அது நாங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டைக் காலி செய்த அன்றைக்கு எழுதியது.

தாவரவியல் கடைசி வருடம் தொடங்கியிருந்தது. மாடியில் இருந்த வீட்டுக்காரர் ஒரு ஞாயிறு காலை கீழே வந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடித்த பிறகு, “சங்கடமாத்தானுங்க இருக்குது, மகளும் மாப்பிள்ளையும் இங்கயே வாராங்க,” என்றார். ஆடி பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அவர்களும் ஆவணி வரை காத்திருக்கத் தயாராக இல்லை. அப்பா அலைந்து போத்தனூரில் ரயில் பாதை ஓரமாக ஒரு வீடு பிடித்தார். ஆனியின் கடைசிப் புதன்கிழமை பால் காய்ச்சுவதென்று முடிவாயிற்று. அதே புதன்கிழமை எனக்குக் கல்லூரியில் மாதத் தேர்வு.

வீடு மாற்றும் வேலையை நான் கைகழுவிவிட்டேன். ஒரு டம்ளரைக்கூடக் காகிதத்தில் சுற்றவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சுற்றிலும் சாக்கு மூட்டைகள் குவிந்திருக்க நடுவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் நின்று கேட்டாள்.

“அம்மணி, மெத்தைக்கு அடீல பழைய பேப்பரு ஒரு கட்டு கெடக்குது. போட்டர்லாமா?”

“எதையாச்சும் பண்ணுங்கம்மா. என்னையப் படிக்க உடுங்க.”

அந்தக் கட்டுதான் என் ஹெர்பேரியம். கோடை விடுமுறையில் ஆனைமலை அத்தை வீட்டிலிருந்து சேகரித்த முப்பது செடிகளைத் தாளுக்கு ஒன்றாக வைத்து, மெத்தைக்கடியில் அழுத்தி உலர்த்தியிருந்தேன். இரண்டு வாரத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது.

புதன் மாலை தேர்வு முடிந்து போத்தனூர் வீட்டுக்குப் போனேன். பொங்கி வழிந்த பாலின் வாசனை இன்னும் இருந்தது. மெத்தை தரையில் கிடந்தது, கீழே ஒன்றுமில்லை. நான் போட்ட கூச்சலில் புது அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள்.

“நீதானக்கா போடச் சொன்னே,” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரு சாமி,” என்றாள் அம்மா. “அவளுக்குப் பரீச்சை நெனப்பு. நாந்தான் பிரிச்சுப் பாக்காமக் குடுத்துப்போட்டேன்.”

அன்று டைரியில் எழுதினேன்: ‘அம்மா என் செடிகளை எடைக்குப் போட்டுவிட்டாள்.’

மறுநாள் அம்மா பஸ் ஏறிப் பழைய பேப்பர் கடைக்குப் போனாள். காலையிலேயே லாரி ஏற்றிவிட்டார்களாம். நான் கூடப் போகவில்லை, வகுப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை விடியலில் பிளாஸ்டிக் கூடையோடு ரயில் பாதை ஓரத்துக்குக் கிளம்பினாள். தும்பை, நாயுருவி, ஆவாரை, குப்பைமேனி என்று முப்பது சேர்த்தாள். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, “ஏனுங்க, அது கீரையில்லீங்க, திங்க முடியாதுங்க,” என்று பதறினாராம். சமைக்கச் சாமான் இல்லாமல் வந்திருக்கிறார்கள் போல என்று ஒரு கிண்ணம் குழம்பும் கொடுத்தனுப்பினார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வேரோடு பறித்ததையெல்லாம் தன் பாய்க்கடியில் அடுக்கி, அதன்மேல் படுத்தாள். ‘புரண்டா எலை மடங்கிரும்’ என்று ஒரே பக்கமாகப் படுத்து, காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

முப்பது தாளிலும் லேபிள் ஒட்டினேன். இடம்: ஆனைமலை. நாள்: கோடையில் குறித்து வைத்திருந்த பழைய தேதிகள். சேகரித்தவர்: என் பெயர்.

பேராசிரியர் தும்பைத் தாளைத் தனியே எடுத்தார். “வேர் ஒரு இழைகூட அறாம வந்திருக்குதே. யாரும்மா எடுத்தது?”

“நான்தானுங்க சார்.”

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். “வாத்தியாரு என்ன சொன்னாரு?”

“நல்லாருக்குன்னாரு.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்லீங்கம்மா.”

அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் இருந்தாள். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஆடிப் பிறப்புக்கும் நினைப்பேன்; அன்றைய வழக்கப்படி தேங்காய் சுட்டுத் தின்றுவிட்டு மறந்துபோவேன். அவளும் நினைவுபடுத்தியதே இல்லை. ஒரு ஐப்பசி வியாழக்கிழமை, மழை விட்டிருந்த நேரத்தில், போய்விட்டாள்.

போத்தனூர் ரயில் பாதையோரத்தில் இப்போது நீளமாகச் சுவர் எழுப்பிவிட்டார்கள். நாங்கள் இருந்த வீட்டின் இடத்தில் கார்கள் நிற்கின்றன. பேராசிரியர் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு தாள் மட்டும் பழைய டைரிகளுக்கு நடுவே இருந்தது. பெட்டிக்காரர்கள் போன பிறகு எடுத்துப் பிரித்தேன். தும்பை பொடியாகி மடியில் கொட்டியது. வேரும் இல்லை. லேபிள் மட்டும் நன்றாக ஒட்டியிருக்கிறது, என் பெயரோடு.