பாதயாத்திரைக்குத் தயிர்சாதம்

எங்கள் வீடு ரெட்டியார்சத்திரத்தில், பழனி ரோட்டின் மேலேயே இருக்கிறது. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் தை மாதம் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வருடா வருடம் தயிர்சாதப் பொட்டலம் கொடுப்போம். சாதம் பிசைவது என் வீட்டுக்காரர் வேலை, பொட்டலம் கட்டுவது என் வேலை. முன்பெல்லாம் தையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் கட்டுவேன். விடியுமுன் கட்டியது மதியம் வரை அப்படியே இருக்கும். இப்போது தையிலேயே ஒன்பது மணிக்கு வெயில் முதுகைச் சுடுகிறது. சுடுகிறதே என்று அலுத்துக்கொண்டோமே தவிர, சாதத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

போன வருடம் பத்து மணி வாக்கில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, மறுபடி மடித்தார். வரிசையை விட்டு என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"சாதம் ஊசிப்போச்சும்மா. நடக்குற சனம், வயித்தால போனா என்ன பண்ணும்?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்காரர் விடவில்லை. பால் விட்டுப் பிசைந்தது, கெடவே கெடாது என்று வாதாடினார். அந்த அம்மா பொட்டலத்தை அவரிடமே நீட்டினார். ஒரு வாய் வைத்தவர் துப்புவதற்கு விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கும்தான்.

கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கி, குழி வெட்டிப் புதைத்தோம். வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். ரவை இருந்தது. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவராம். வாசலிலேயே அடுப்பு மூட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, உப்புமா கிண்டத் தொடங்கிவிட்டார். கூட வந்தவர்கள் வேப்பமர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு, ஆவி பறக்கப் போனது. இரண்டாம் தடவை கேட்டு ஆள் வந்ததும், வீட்டுக்காரர் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா, "இனிமே கட்டி வைக்காதீக. கண்ணு முன்னால கிண்டிக் குடுங்க," என்றார்.

இந்தத் தையில் அப்படித்தான் செய்தோம். வாசலில் கீற்றுப் பந்தல், இரண்டு அடுப்பு. முதல் சட்டி அடிப்பிடித்தது. இரண்டாவது சட்டிக்கு வரிசை ரோடு வரை நின்றது. வீட்டுக்காரர் வேர்த்து வழியக் கிண்டிக்கொண்டே, உப்பு சரியாக இருக்கிறதா என்று வந்தவர் போனவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.