அண்ணியின் அடுப்புக் கரி

என் அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது. கடைசியில் அதுவே வினையாகப் போயிற்று. லாரி ஓட்டப் போன அண்ணன் திரும்பி வராமலே போன பிறகு, ஆலைத் தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போட்டே இரண்டு பெண்களைக் கரையேற்றியவர். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. அவர் கைச் சோற்றில் வளர்ந்தவன் நான் என்பதால் அடக்கித்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் எதிர்வரிசை வீடுகளுக்குத் தனியாகப் பின்சுவர் கிடையாது. பழைய கோயிலின் வெளிச்சுவர்தான் பின்சுவர். கோபுரம் எந்தக் காலத்திலோ விழுந்து, கருவறை பூட்டிக் கிடந்த கோயில் அது. யார் யாரோ அதை ஒட்டி வீடு கட்டி, பத்திரம் என்ற பேச்சே இல்லாமல் வாழ்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் கல்லின்மேல் சிமென்ட் பூசினார்கள். அந்த வரிசையில் குடியிருந்த அண்ணி மட்டும் பூசவில்லை. அவர் சமையலறையில் கோயில் அப்படியே நின்றது. கீழே உருளையாக நீளும் கல்வரி. அதற்கு மேல் நீண்ட பள்ளத்தில் சம்புடங்கள். அதற்கும் மேலே யாளித் தலைகள் வரிசையாக. ஒன்றின் பல்லில் கரண்டி தொங்கும். சிலை போன மாடத்தில் உப்பு ஜாடி. கருவறை நீர் வெளியே விழும் கல்மூக்கில் பிடிதுணி காயும்.

ஒருநாள் தடித்த கண்ணாடி போட்ட ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். "உள்ள கல்சுவர் இருக்கா?" என்று வீடு வீடாகக் கேட்டார். தெருவே உதட்டைப் பிதுக்கியது.

"இருக்கே, வந்து பாருங்க சார்," என்றார் அண்ணி. அதோடு விட்டாரா? அடுப்புக்கு மேலே ஏறிய கரி எதற்கும் போகாது என்று அவருக்குத் தெரியும். பக்கத்துக் கல்லைப் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரால் தேய்த்தார். எழுத்துகள் வந்தன.

கண்ணாடிக்காரர் மண்டியிட்டுப் படித்தார். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மா, இங்க விளக்கு அணையாம எரியணும்னு நெய்க்கு ஆடு குடுத்திருக்காங்க. பேரு கூட இருக்கு."

"பாத்தியா தம்பி, ஒரு பொம்பளை பேரு!" என்று அண்ணி என்னிடம் பூரித்தார்.

அந்த மாதமே அளவுநாடா வந்தது. பின்னாலேயே இடிக்கும் இயந்திரமும் வந்தது. கோயிலை மீட்கிறார்களாம். மின்சார ரசீதோ பக்கத்து வீட்டார் சாட்சியோ காட்டிக் குடியிருந்ததை நிரூபித்தால் மாற்று வீடு என்றார்கள். மற்றவர்களிடம் ரசீது இருந்தது. அண்ணியோ பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து விளக்கெரித்தவர். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சாட்சி கேட்டுப் போனோம்.

"நீ வாயைத் திறந்ததாலதானே எங்க வீடு போச்சு? இப்ப நான் திறக்கணுமா?" என்று புது வீட்டுக் கதவைச் சாத்தினாள். சொந்தக்காரன் என்பதால் என் சாட்சி செல்லவில்லை. கண்ணாடிக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

"சுவத்துல என் அடுப்புக் கரி இருக்கு சார். ஒரு தடவை வந்து பாருங்க," என்று அண்ணி மாதக்கணக்கில் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒரு வழியாக அதிகாரி வந்தார். எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது, மடையன்.

அவரோடு கோயிலுக்குப் போனால், வீடுகள் இருந்த சுவடே இல்லை. கல்லெல்லாம் கழுவிப் பளிச்சென்று இருந்தது. கரியை மட்டும் விட்டு, அதற்கு ஒரு கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். வழிகாட்டி ஒருவர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"இது ஆயிரம் வருஷக் கரி. கல்வெட்டுல பேரு இருக்கே, அந்த அம்மா ஏத்தின விளக்கோடது. அதான் கழுவல."

"ஐயையோ, அது என் அடுப்புங்க!" என்றார் அண்ணி. கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த பலகையைப் படித்தார்.

"ஆராய்ச்சி பண்ணித்தானம்மா எழுதியிருப்பாங்க. நான் எப்படி மாத்துறது?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இப்போது அண்ணி என் ஒற்றை அறையில், என் மனைவியின் முகம் பார்த்துக் காலம் தள்ளுகிறார். பெரிய அடுப்பு வைக்க இடமில்லை; சமையல் தொழில் நின்றது. பேச்சும் நின்றுவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் திடீரென்று கேட்டார்: "அந்த அம்மா பேரு என்ன தம்பி? மறந்துபோச்சு."

எனக்கும் நினைவில்லை. பலகையில் பார்க்கலாம் என்று, எதிரே இருக்கும் இடத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். அண்ணி பலகைப் பக்கமே திரும்பவில்லை. நேரே போய்ச் சட்டத்துக்கு மேலே நீண்டிருந்த கரியின் விளிம்பைத் தொடக் கையை நீட்டினார்.

"தொடாதீங்கம்மா," என்றார் காவல்காரர். "பழசு."