பிரேக் போட்டது யார்

எங்கள் வீட்டில் முதல் கார் வந்த நாளிலிருந்தே அதில் ஓட்டுநர் உதவி அமைப்பு ஒன்று இருந்தது. பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு, மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும். முன்னால் எது தென்பட்டாலும் "ப்ரேக், ப்ரேக்" என்று சொல்லும். திருப்பம் வந்தால் "ஹாரன் அடி" என்று சொல்லும். வேகம் கொஞ்சம் ஏறினால் தொண்டையைச் செருமும். அணைத்து வைக்கப் பொத்தான் கிடையாது. அதற்கும் எனக்கும் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் நான்தான். சிட்லபாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நானே ஓட்டிப் போய், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நானே ஓட்டி வந்தேன். மழைக்காலத்தில் சாலை எது, பள்ளம் எது என்று தெரியாத தண்ணீரிலும் ஓட்டியிருக்கிறேன். என் கணவர் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மின்சார ரயிலில் போய் மின்சார ரயிலில் திரும்பினார். அவரிடமும் லைசென்ஸ் இருக்கிறது. பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் கசங்காமல் இருக்கிறது. ஆனாலும் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தணிக்கைக்காரரின் புத்தி விழித்துக்கொள்ளும்.

விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான் என்பதால் அங்கேயே ஆஸ்பத்திரி பார்த்திருந்தார்கள். வலி வந்தால் நான் உடனே போயாக வேண்டும். இவருக்கோ முதுகுத் தண்டில் தட்டு விலகி, நெடுந்தூரம் காரில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் நான் தனியாகத்தான் போக வேண்டும். அதற்குத்தான் இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஹைவேல நீ தனியா ஓட்ட வேணாம். ட்ரெயின் இருக்கே."

"உங்க பொண்ணுக்கு வலி டைம்டேபிள் பாத்து வராதுங்க."

"அதுக்கில்ல. பக்கத்துல பாத்து சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஃபோன் வந்ததும் யாரிடமும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஊரில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் செய்கிற காரியம். எனக்கு மட்டும் அதற்கு மந்திரிசபைக் கூட்டம் போட வேண்டியிருந்தது.

பழைய காரை மாற்ற வேண்டிய நேரம் வந்திருந்தது. இவர் பகல் முழுக்க ஃபோனில் வீடியோ பார்த்து, இப்போதெல்லாம் குடும்பக் கார்களிலேயே தானாக பிரேக் போடுகிற, சாலையில் போட்ட கோட்டை விட்டு விலகினால் தானாகவே திருப்பிக் கொண்டுவருகிற வசதியெல்லாம் வருகிறது என்று கண்டுபிடித்தார். தன் வேலையை ஒப்படைக்க ஒரு ஆள் கிடைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ஷோரூமில் விற்பனை செய்கிறவரை உட்கார வைத்து விசாரணை நடத்தினார்.

"மாடு வந்தா நிக்குமா?"

"மாடு, நாய், மனுஷன், எல்லாத்தையும் பாத்துக்கும் சார். முன்னாடி லோகோவுக்குப் பின்னாலதான் ரேடார் கீது. அதான் சார் வண்டிக்குக் கண்ணு."

"ஷேர் ஆட்டோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ட்ரை பண்ணும் சார்."

அந்த நேர்மைக்காகவே நான் அந்தக் காரை வாங்கச் சம்மதித்தேன். இவர் அதோடு விடவில்லை. வண்டி வந்ததும் செங்கல்பட்டு வரைக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும், தான் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்காமல் கவனிக்கப் போவதாகவும், கார் பாஸானால் நான் விழுப்புரம் போகலாம் என்றும் தீர்ப்புச் சொன்னார். கார் பாஸானால் நான் போகலாமாம். என்ன நியாயமோ தெரியவில்லை. அதற்கு முன்னால் எங்கள் தெருவில் அவரே வண்டிக்குக் குறுக்கே நின்று பார்ப்பதாகவும் ஒரு திட்டம் வைத்திருந்தார். "நீங்க நின்னா நான் கண்டிப்பா ப்ரேக் போட மாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் அதைக் கைவிட்டார்.

வண்டி வந்த அன்றே பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம், முன்னால் தடிமனான சாமந்தி மாலை. குருக்கள் தாராள மனசுக்காரர். வண்டியின் நெற்றி எது என்று ஒரு கணம் தேடி, லோகோவின் மேலேயே சந்தனத்தை அடை போலத் தட்டி, நடுவில் குங்குமம் வைத்தார். நல்ல லட்சணமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். இவர் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டார். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு செய்தி வந்தது: முன்புற ரேடார் மறைந்திருக்கிறது, சுத்தம் செய்யவும்.

"ஏங்க, சந்தனம் கண்ணை மறைக்குதாம். நிறுத்தித் துடைச்சிடவா?"

"பூஜை சந்தனத்தை யாராவது துடைப்பாங்களா? அது தானா உதிரணும். புது வண்டின்னா நாலு லைட் எரியத்தான் செய்யும். ஓட ஓட செட் ஆயிடும்."

திரும்பிப் போனால் பரீட்சை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். மகளின் வயிறு அதற்குக் காத்திருக்காது. நான் நிறுத்தாமல் ஓட்டினேன்.

கோட்டுக்குள் ஓட்டுகிற வசதி மட்டும் வேலை செய்தது. அதற்கான கண், வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே தனியாக இருக்கிறது. கூடுவாஞ்சேரிக்குப் பிறகு ஸ்டியரிங் என் கைக்குள் மெல்ல நெளிந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. நம் ஊரில் வெள்ளைக் கோடு என்பது சாலை போட்டவரின் சொந்த அபிப்பிராயம். பள்ளத்துக்கு ஒதுங்கினால் அது என்னைப் பள்ளத்துக்கே இழுத்தது. இவரோ ஸ்டியரிங் தானாக அசைவதைப் பார்த்துக் கண்கள் விரிய உட்கார்ந்திருந்தார். வண்டி முழுக்க அதன் பொறுப்பில்தான் ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். சொன்ன சொல் தவறாமல் வாயையும் திறக்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும், வலது ஓரத்தில் போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோ ஒன்று, சாலையோரம் யாரோ கை காட்டியதைப் பார்த்துவிட்டுக் குறுக்கே வந்து எனக்கு நேர் முன்னால் நின்றது. வண்டி பீப் என்று கூடச் சொல்லவில்லை. நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் லாரி இல்லை என்று கண்ணாடியில் முன்பே பார்த்து வைத்திருந்ததால் முழுசாக மிதித்தேன். ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாக்கா, தூங்கினு வரியா?"

இவர் தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு மூச்சு விட்டார்.

"பாத்தியா? எவ்ளோ அழகா நின்னுச்சு பாத்தியா? வண்டி பாஸ்."

உண்மையைச் சொன்னால் வண்டி ஃபெயில், நானும் விழுப்புரம் போக முடியாது. சொல்லாவிட்டால் அனுமதி கிடைக்கும், ஆனால் அது எனக்குக் கிடைத்த அனுமதி இல்லை. கண்ணில் சந்தனம் அப்பிய ஒரு ரேடாருக்குக் கிடைத்தது. மகளுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தேன். செங்கல்பட்டுக்கு முன்னால் இருந்த டிகிரி காபிக் கடை வரைக்கும் அந்தப் பொறுமை தாக்குப்பிடித்தது.

அங்கே இவர், யாரென்றே தெரியாத ஒருவரிடம் பித்தளை டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே கதை சொல்ல ஆரம்பித்தார். "ஆட்டோ குறுக்க வந்துடுச்சு சார். நானும் ஒண்ணும் சொல்லல, இவங்களும் ஒண்ணும் பண்ணல. வண்டி அதுவா நின்னுச்சு."

இவங்களும் ஒண்ணும் பண்ணல. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் காருக்குப் போனேன். மாலையைப் பிடித்து இழுத்தேன். பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சந்தனத்தை வழித்துத் துடைத்தேன். இவர் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன பண்ற நீ? சாமி சந்தனம்."

"பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டார். உள்ள வந்து உக்காருங்க."

வண்டியைக் கிளப்பினேன். திரையில் மஞ்சள் எழுத்து போயிருந்தது. சாலைக்கு வந்ததும் முன்னால் போகிற வண்டியின் படம் முதல்முறையாகத் திரையில் தெரிந்தது. இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார்.

"அப்ப இவ்ளோ நேரம் இது எதையும் பாக்கலையா?"

"பாக்கல."

"அப்ப ப்ரேக் போட்டது?"

"நான்தான்."

கொஞ்ச தூரம் போனோம். செங்கல்பட்டில் வீட்டுப் பக்கம் திரும்பும்போது அவர் கேட்டார். குரல் தணிந்திருந்தது.

"நான்தான் ஒண்ணும் சொல்லலையே. எப்படிப் போட்ட?"

"நீங்க சொல்றப்பவும் அப்படித்தான். நீங்க வாயைத் திறக்கும்போது என் கால் ஏற்கெனவே ப்ரேக்குலதான் இருக்கும்."

வண்டலூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபத்தில் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இத்தனை வருஷமாகப் பார்த்த வேலை ஒன்று தேவையே இல்லை என்று கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது. ஆனால் பொய் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பரீட்சை முடிவு என்ன என்று கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

சாயங்காலம் மகள் இவருக்கு ஃபோன் செய்தாள். பால்கனியில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் இவர் வழக்கம். நான் சமையலறையில் மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"புது வண்டி எப்படிப்பா? தானா ப்ரேக் போடுதா?"

"போடும்னுதான் சொல்றாங்க. நான் இன்னும் பாக்கல."

"அப்ப அம்மா எப்படித் தனியா வருவா?"

"அவளுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? உங்கம்மா நல்லா ஓட்டறா. நான்தான் சும்மா பக்கத்துல உக்காந்து கத்திட்டிருந்திருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமும் கூடவே வந்தது. மிக்சியை மறுபடியும் ஓடவிட்டேன். அவர் உள்ளே வந்து, அது நிற்கும் வரை வாசற்படியில் நின்றார்.

"பொண்ணு பேசினா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல. நீ வண்டியில டேங்க்கை ஃபுல்லாவே வெச்சுக்கோ. எப்ப ஃபோன் வரும்னு சொல்ல முடியாது."