மஞ்சள் கட்டம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவருடைய வேலை. முன்னறையில் யாரோ ஒருவருக்குக் கிட்டப்பார்வை, யாரோ ஒருவருக்குத் தூரப்பார்வை என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு, ஒரு சின்ன ஜன்னல் வழியாக இவரிடம் வந்து சேரும். வாடிக்கையாளர் முகத்தை இவர் பார்த்ததில்லை; அவர்களும் இவரைப் பார்த்ததில்லை. இருபது வருடமாக அது அவருக்கு வசதியாகவே இருந்தது.

கடையில் எல்லோரும் அவரை 'ஒத்தக்கண்ணர்' என்பார்கள். கண்ணில் கோளாறு எதுவும் கிடையாது. இணைய ஏலத்தில் வாங்கிய பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஏதாவது ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அதை எடுத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எதிர்க்கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன ஒத்தக்கண்ணரே, தொட்டி நிரம்பிடுச்சா?" என்பார் காசாளர்.

"ரெண்டு தொட்டி தெரியுது. இன்னும் ஒண்ணாகல."

அந்த வகைக் கேமராவின் விசேஷமே அதுதான். பார்க்கும் துளையின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் எல்லாப் பொருளும் இரண்டிரண்டாகத் தெரியும். முன்னால் இருக்கும் வளையத்தைத் திருகத் திருக, இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்த நொடியில் படம் துல்லியம். அந்த நொடிக்காகத்தான் அவர் உயிரையே விடுவார். செத்துப்போன கேமராவை வாங்கி, பிரித்து, துடைத்து, திருகாணிகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டால் ஒரு வாரத்துக்கு வீட்டில் யார் மேலும் எரிந்து விழமாட்டார்.

ஏலத்தில் அவருக்கென்று ஒரு கைவரிசை உண்டு. விற்பவரிடம் எல்லோர் கண்ணிலும் படும்படி கேள்வி கேட்க அங்கே ஒரு பெட்டி இருக்கும். நல்ல கேமரா ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் பெட்டியில் கவலையோடு ஒரு கேள்வி போட்டுவிடுவார். 'ஷட்டர் துணியில் ஓட்டை தெரிகிறதே?' 'லென்ஸுக்குள் பூஞ்சையா?' விற்பவர் முழிப்பார். ஏலம் கேட்க வந்த மற்றவர்கள் நமக்கெதற்கு வம்பு என்று நழுவிவிடுவார்கள். பொய் சொன்னதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கேள்விதானே கேட்டேன் என்பார், தனக்குத் தானே.

அந்தக் கேமராவை ஒரு பெண்மணி ஏலத்துக்கு வைத்திருந்தார். 'என் வீட்டுக்காரர் வைத்திருந்தது. எனக்கு இதைப் பற்றித் தெரியாது' என்ற இரண்டே வரி. பார்க்கும் துளையில் போனை வைத்து எடுத்த படம் ஒன்று இருந்தது. கட்டம் புதுக் கேமராவில் இருப்பது போல மஞ்சளாக, கூர்மையாக இருந்தது. அவருக்கு வாயில் எச்சில் ஊறியது. உடனே பெட்டியில் எழுதினார்: 'நடுவில் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறதே, உள்கண்ணாடி கெட்டுவிட்டதா?'

ஒருநாள் கழித்துப் பதில் வந்தது: 'மன்னிக்கவும். கவனிக்கவில்லை. பார்க்கிறேன்.' அதற்கப்புறம் ஏலத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கேமரா அவருக்கே விழுந்தது.

பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் வேலையாகக் கண்ணில் வைத்துப் பார்த்தார். சுவர் தெரிந்தது. காலண்டர் தெரிந்தது. வளையத்தை ஒரு முழுச் சுற்றுத் திருகினார். எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. கட்டத்தைக் காணோம்.

பொட்டலத்துக்குள் ஒரு கடிதம் இருந்தது.

'ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். அழுக்கோடு விற்க மனம் வரவில்லை. ரேடியோ பழுதுபார்த்த பழக்கமுள்ள என் தம்பியை விட்டு மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னக் கண்ணாடியை ஈரப் பஞ்சால் நானே துடைத்தேன். மஞ்சள் எல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது. ஆனால் பொட்டலம் கட்டும்போது பார்த்தால் நடுவில் இருந்த கட்டமே இல்லை. அது அழுக்குதானா, அல்லது அவர் முப்பது வருடம் பத்திரமாக வைத்திருந்ததை நான்தான் கெடுத்துவிட்டேனா? இதே நினைப்பாக இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள்.' கீழே போன் நம்பர்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மஞ்சள், கண்ணாடியின் மேல் பூசிய பொன்பூச்சு. பாதி ஒளியை விட்டு, பாதி ஒளியைத் திருப்புகிற மெல்லிய பூச்சு. அதை வைத்துத்தான் இரண்டாவது உருவமே தெரியும். பட்டாம்பூச்சி இறகைத் தொட்டால் விரலில் ஒட்டுமே, அப்படி வந்துவிடும். இந்தத் தொழிலில் கை வைத்தவன் முதலில் கற்றுக்கொள்வது அதை மட்டும் துடைக்கக்கூடாது என்பதைத்தான்.

மனைவி கடிதத்தை எடுத்துப் படித்தாள்.

"ஐயோ பாவம்ங்க. போன் பண்ணி அழுக்குதான்மான்னு சொல்லிடுங்களேன். மனசு ஆறிடும்ல?"

"சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

"கேமராவையா, அவங்களையா?"

அவளுக்கு அந்தக் கேள்விப் பெட்டி பற்றித் தெரியாது.

போன் செய்வதை எட்டு நாள் தள்ளிப்போட்டார். அதே அளவுப் பூச்சுக் கண்ணாடியை வரவழைத்து, கடையின் வைர முனையால் அறுத்து, பழையதை எடுத்துவிட்டுப் பொருத்தினார். இவ்வளவு சுத்தமாக அவர் கை எந்த வேலையும் செய்ததில்லை. தண்ணீர்த் தொட்டி இரண்டாகி, ஒன்றாகி, அசையாமல் நின்றது. இந்த முறை நெஞ்சுக்குள் எதுவும் நிறையவில்லை. மலத்தை மிதித்த செருப்பை எவ்வளவு கழுவினாலும் அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் வீட்டுக்குள் நுழையக் கூசுமே, அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். மனைவி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க சார், உங்க போனுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். கட்டம் தெரியுதா?"

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது."

"அப்பாடா!" அந்தப் பக்கம் யாரிடமோ, "தெரியுதாம்டா" என்றது குரல். "அப்போ அது அழுக்குதானே சார்? என் தம்பி இன்னமும் சண்டை போடறான், நீதான் கெடுத்தேன்னு. நீங்க கேட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க. வேற யாராவதுன்னா எதுவும் கேட்காம வாங்கிட்டு, அப்புறம் திட்டுவாங்க. நல்ல மனுஷன் சார் நீங்க."

இதோடு போனை வைத்திருக்கலாம். அந்தம்மாவுக்கு நிம்மதி, இவருக்குக் கேமரா. அந்த 'நல்ல மனுஷன்' மட்டும் தொண்டைக்குள் மீன்முள்ளாக நின்றது.

"அம்மா, அது அழுக்கு இல்ல."

"என்னது?"

"அந்த மஞ்சள் இருக்கணும். அதுதான் சரி. நான் இப்போ வேற கண்ணாடி போட்டிருக்கேன்."

"நீங்க ஏதோ படிஞ்சிருக்குன்னு..."

"எதுவும் படியலம்மா. நல்லா இருந்துச்சு. நல்லா இருந்ததாலதான் கேட்டேன். மத்தவங்க பயந்து போயிடுவாங்கன்னு."

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது. மனைவி ஈரக்கையோடு வாசலில் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ நான் துடைக்காம விட்டிருந்தா அப்படியே இருந்திருக்கும்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தம்மாவின் பாரம் இறங்கும் என்று எண்ணியிருந்தார்.

"தப்பு என்னோடதும்மா. நீங்க என் பேச்சை நம்பித்தானே..."

"துடைச்சது என் கை." குரல் உயரவில்லை. 'சார்' மட்டும் காணாமல் போயிருந்தது. "அவர் என்னைத் தொடவே விட்டதில்ல. கை ஈரமா இருக்கும்னு சொல்லுவார். கேமராவை எனக்கே அனுப்பிடுங்க."

"அனுப்பிடறேன். காசு எதுவும் வேண்டாம்மா."

"வேண்டாம்னு சொல்றதுக்கு நீங்க யாரு? கொடுத்த காசு உங்களுக்கு வந்துடும். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா, இருக்கு."

"அதையும் வைங்க."

போன் துண்டிக்கப்பட்டது. மனைவி இன்னும் அங்கேயே நின்றாள்.

"இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட இப்படிக் கேட்டிருக்கீங்க?"

அலமாரியில் வரிசையாக இருந்த கேமராக்களை அவர் பார்த்தார். எதெது என்று அவருக்குத் தெரியும். அவளும் அவர் பார்வை போன வழியே பார்த்துவிட்டு உள்ளே போனாள். குழாய் மறுபடி ஓடத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

அன்று மதியம் கேமராவைப் பஞ்சுத் துணியில் சுற்றினார். நகத்தளவு இருந்த பழைய கண்ணாடியை, இனிமேல் தூசு படக்கூடாது என்பது போல, மெல்லிய தாளில் நாலாக மடித்து வைத்தார். கூட ஒரு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தார். 'மன்னித்துவிடுங்கள்' என்று எழுதிப் பார்த்தார். அதுவும் அந்தம்மாவிடம் ஏதோ ஒன்றைக் குறைந்த விலைக்குக் கேட்பது போல இருந்தது. கிழித்துப் போட்டார். இரண்டாவது தாளையும் கிழித்தார்.

மூன்றாவது தாளில், லென்ஸ் அளவு எழுதும் அதே சின்னக் கையெழுத்தில், 'உள்ளே இருப்பது புதுக் கண்ணாடி. மஞ்சள் அழுக்கல்ல. யார் சொன்னாலும் துடைக்க வேண்டாம்' என்று எழுதி, பெட்டியை மூடி ஒட்டினார்.