அக்காவின் இரத்தத் துளி

யுத்த காலத்தில் நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தேன். போர் நடந்த வன்னியிலிருந்து வெளியே வர, சில காலத்துக்கு மட்டும் தரும் பயணப் பாஸ் எடுத்து, தலைப்பிரசவத்துக்காக அக்கா என் அறைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அவள் விரலில் குத்தி எடுத்த துளியை நானே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள் மலேரியாக் கிருமிகள் மெல்லிய மோதிரங்களாகக் கிடந்தன.

“பிள்ளைக்கும் ஏதும் செய்யுமோ?” என்று கேட்டாள்.

கிருமி தன் புரதங்களால் சிவப்பணுவைப் பற்றிப் பிடித்து உள்ளே நுழையும். பிறகு அந்த அணுவின் வெளிப்புறத்தில் வேறொரு புரதத்தை நிறுத்தும். அதன் பிடியால் அணுக்கள் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ள, பிள்ளைக்குப் போகவேண்டிய உணவும் உயிர்க்காற்றும் குறைந்து, அதன் உயிருக்கே ஆபத்தாகலாம். இதையெல்லாம் நான் படித்திருந்தேன்.

“இல்லையக்கா. மருந்து எடுத்தாச் சரியாப் போயிடும்,” என்றேன்.

மருந்தில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் ஏழு நாள் கழித்து பிள்ளை இறந்தே பிறந்தது. பெண் பிள்ளை, மிகவும் சிறியவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கா என்னைப் பார்த்து, “உனக்கு அண்டைக்கே தெரியும், என்ன?” என்றாள்.

“ஓம்.”

“சொல்லியிருந்தா, அந்த ஒரு கிழமையும் அவளோட கதைச்சுக்கொண்டு இருந்திருப்பன்.”

பாஸ் முடிவதற்கு முன்பே அவள் வன்னிக்குத் திரும்பினாள். நான் மறிக்கவில்லை.